மலை வளம் யார் கணக்கில்?

கூடலூர் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது: “தேயிலை, மின்சாரம், தண்ணீர், மரம், சுற்றுலா எல்லாம் எங்கள் மலையிலிருந்துதான் போகிறது. ஆனால் எங்கள் ஊரில் பல வீடுகளுக்குப் பட்டாகூட இல்லை. நார்வே எண்ணெய்ப் பணத்தைச் சேர்த்துவைத்து மக்களுக்குக் கொடுக்கிறதாமே, வளரும் நாடுகளில் அப்படி நியாயமாகப் பங்கிட முடியாதா? நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?” பார்த்தால் பங்கீட்டைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி உண்மையில் கேட்பது வேறு இரண்டு விஷயங்கள். இந்த வளம் யாருடையது? அது எவ்வளவு என்று அளந்து எழுதுவது யார்? இந்த இரண்டும் தெளியாமல் பங்கைப் பற்றிப் பேசினால், பேசிக்கொண்டே இருக்கலாம்.

நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று தேயிலைத் தொழிற்சாலைகளின் ஏடுகளையும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களின் ஏடுகளையும் புரட்டியே பாதி ஆயுள் போனது. எண்ணெய்க் கிணறு, சுரங்கக் குத்தகை பக்கமெல்லாம் போனதில்லை. வெளிநாட்டு விஷயங்கள் படித்துத் தெரிந்துகொண்டவைதான். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நார்வே யார் கையிலும் பணம் கொடுப்பதில்லை. அப்படிக் கொடுப்பது அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம். 1982 முதல் ஆண்டுதோறும் குடிமக்களுக்கு ஒரு தொகை தருகிறது. நார்வே செய்தது வேறு. 1969-ல் எண்ணெய் கிடைத்தது, 1990-ல் நிதிக்குச் சட்டம் போட்டார்கள், 1996-ல்தான் முதல் தொகையைப் போட்டார்கள். அந்த நிதியை வெளிநாடுகளில் முதலீடு செய்துவிட்டு, அதன் எதிர்பார்ப்பு லாபமான 3 சதவீத அளவுக்கு மட்டும் பட்ஜெட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அசலில் கை வைப்பதில்லை என்பதுதான் அவர்களுடைய விதி.

ஒரு தணிக்கைக்காரனுக்கு இது உடனே புரியும். வந்த பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். ஒருவர் தன் ஒரு ஏக்கர் தோட்டத்தை விற்றுவிட்டு, கிடைத்த தொகையை இந்த வருட விளைச்சல் வருமானம் என்று எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். சொத்து போய்விட்டது, அதற்கு ஈடாகக் கையில் என்ன இருக்கிறது என்று கேட்போம். அரசாங்கங்களோ இதையேதான் காலங்காலமாகச் செய்துவருகின்றன. நம் நாட்டிலும் கனிமத்துக்கு வரும் ராயல்டி (தோண்டி எடுப்பவர் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகை), ‘வரி அல்லாத வருவாய்’ என்ற தலைப்பில் வந்து, அந்தந்த வருடச் செலவிலேயே கரைந்துபோகிறது. மண்ணுக்குள் இருந்தது குறைந்துவிட்டது என்று பட்ஜெட் ஏட்டில் பற்று எழுதுவதில்லை.

இதற்கு நம் மலையிலேயே கதை உண்டு. தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-ஐ ஒட்டி ஒரு தங்க வேட்டை நடந்தது. லண்டனில் வரிசையாகக் கம்பெனிகள் தொடங்கிப் பங்கு விற்றார்கள், இயந்திரங்கள் வந்து இறங்கின, இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. காசு பார்த்தவர்கள் பங்கு விற்றவர்கள்தான். சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கம் செய்தது இன்னும் பெரிய விஷயம். நீலகிரியிலும் பழனி மலையின் மேல்பகுதியிலும் புல்வெளிகளை ‘தரிசு’ என்று கருதி, சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது. மரக்கட்டை சிறுமுகையில் இருந்த ரேயான் ஆலைக்குச் சலுகை விலையில் போனது. அரசுக்கு மர விற்பனை வரவு வந்தது. ஆனால் புல்வெளி என்பது மழையை உறிஞ்சிவைத்து மெல்ல விடும் சொத்து. கிளன்மார்கன் பக்கம் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், கற்பூர மரம் நட்ட பகுதியின் ஓடையில் நீர்வரத்து குறைந்தது தெரிந்தது. அந்த இழப்பை எந்தப் பக்கத்தில் எழுதினார்கள்? எங்கேயும் இல்லை. ஆலை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. சீகை மட்டும் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. இப்போது அதை வெட்டி அகற்ற அரசே செலவு செய்கிறது.

நார்வேயை நாம் அப்படியே பார்த்து எழுத முடியாது. எண்ணெய் கிடைத்தபோது அந்த நாட்டில் படித்த மக்கள், பழகிய ஜனநாயகம், ஊழல் குறைந்த அலுவலர்கள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. நமக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது போட்ஸ்வானா. 1966-ல் விடுதலை பெறும்போது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த வருடமே வைரம் கிடைத்தது. கனிம உரிமையைத் தனித்தனி இனக்குழுக்களிடமிருந்து நாட்டின் பெயருக்கு மாற்றினார்கள். அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குழுவும் விட்டுக்கொடுத்தது. பிறகு வைரக் கம்பெனியோடு பேரம் பேசிச் சரிபாதிப் பங்கு வாங்கினார்கள். பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம் அந்தப் பணத்தில் வந்தன. ஆப்பிரிக்காவில் நல்ல கதை என்று எல்லோரும் காட்டுவது இதைத்தான், சரிதான். ஆனால் அதே நாடு, கலஹாரியின் நடுவே வாழ்ந்த சான் மக்களைச் சரணாலயத்திலிருந்து வெளியேற்றியது. 2006-ல் நீதிமன்றம் போய்த்தான் அவர்கள் திரும்பிப் போகும் உரிமையைப் பெற்றார்கள். நாட்டுக்கு நியாயமாக இருப்பது அந்த இடத்தில் வாழ்பவருக்கும் நியாயமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. முதுமலைப் புலிகள் காப்பகத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தோற்ற கதைகளும் தெரிந்திருக்க வேண்டும். நவ்ரு என்ற குட்டித் தீவு பாஸ்பேட் விற்று, 1970-களில் தலைக்கு வருமானத்தில் உலகின் உச்சிக்குப் போனது. எதிர்காலத்துக்கென்று அறக்கட்டளை நிதியும் வைத்திருந்தார்கள். அது வெளிநாட்டுக் கட்டடங்கள், விமானங்கள் என்று போய், லண்டனில் ஒரு இசை நாடகத்துக்குக்கூடச் செலவாகிக் கரைந்தது. தீவின் பெரும்பகுதி இன்று குழி. சாட் நாட்டில் உலக வங்கி கடன் கொடுக்கும்போதே நிபந்தனை போட்டது: எண்ணெய் வருமானத்தில் 10 சதவீதம் வருங்காலத் தலைமுறைக்கு. 1999-ல் சட்டமும் வந்தது. பணம் வரத் தொடங்கியதும், 2006-ல் அந்தச் சட்டத்தையே திருத்தி நிதியைக் கலைத்துவிட்டார்கள். 2008-ல் உலக வங்கி வெளியேறியது. அதாவது நிதி வைப்பது ஒன்றும் கடினமில்லை. அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள உள்ளூரில் கூச்சல் போட ஆள் வேண்டும்.

இந்தியாவில் நார்வேக்கு நெருங்கி வந்தது கோவா. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இரும்புத் தாது விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை நிரந்தர நிதியில் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2015-ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைகளைக் கொண்டுவந்தார்கள். ஏலத்தில் எடுத்த சுரங்கம் என்றால் ராயல்டியில் 10 சதவீதம், பழைய குத்தகை என்றால் 30 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவாக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது பெரும்பாலும் சேமிக்கும் ஏற்பாடு இல்லை, வந்த பணத்தைச் செலவழிக்கும் ஏற்பாடுதான். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, ராயல்டி வரி அல்ல, கனிமம் உள்ள நிலத்துக்கு மாநிலங்கள் தனியாக வரி போடலாம் என்று தீர்ப்பளித்தது. இந்த விவகாரத்தின் வேர் தமிழ்நாட்டில்தான். நம் மாநிலம் போட்ட ஒரு செஸ் பற்றிய 1989 தீர்ப்பைத்தான் இப்போது மாற்றி எழுதினார்கள். அதன் பிறகு தமிழ்நாடும் கனிம நில வரிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது.

இதில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ என்ன கிடைக்கும்? சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. ஏனென்றால் இந்த ஏற்பாடெல்லாம் தோண்டி எடுப்பவற்றுக்கு. நம் மலை கொடுப்பது தண்ணீர், மின்சாரம், குளிர். 1932-ல் பைக்காரா மின்சாரம் இறங்கிய பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின. குந்தா திட்டம் கனடா உதவியோடு வந்தது. பவானியும் மாயாறும் போய்ச் சேரும் பவானிசாகர்தான் ஈரோடு வயலுக்கு உயிர். மூழ்கியது இங்கே தோடர்களின் மேய்ச்சல் நிலமும் சோலைகளும். 2008 மத்திய நீர்மின் கொள்கையில், புதிய திட்டங்களில் 1 சதவீத மின்சாரத்தின் மதிப்பை உள்ளூர் வளர்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று ஒரு வழி இருக்கிறது. பழைய அணைகளுக்கு அது பொருந்தாது. ஆனால் குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் கட்டிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், அதே கொள்கையை மாநில அரசும் தன் திட்டங்களுக்கு ஏற்றுக்கொள்ளட்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. யாரும் உரக்கக் கேட்டதாக என் காதில் விழவில்லை.

இனி ‘யாருடையது’ என்ற கேள்வி. கூடலூர்க்காரரான உங்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. சட்டம் படிப்பவர்கள் இந்தியா முழுக்கப் படிக்கும் இரண்டு பெரிய வழக்குகள் உங்கள் ஊரிலிருந்து போனவை. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம் (பரம்பரை உரிமை நிலம்) ஏறத்தாழ 80,000 ஏக்கரை அரசு எடுத்துக்கொள்ள 1969-ல் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்குகளின் தொடர்ச்சியாகத்தான் 2007-ல் கோயல்ஹோ வழக்கில் 9 நீதிபதிகள், சட்டங்களை நீதிமன்றத்திலிருந்து காக்கவென்று அரசியல் சாசனத்தில் சேர்த்த ஒன்பதாவது அட்டவணையில் வைத்துவிட்டால் மட்டும் ஒரு சட்டம் தப்பிவிடாது என்று தீர்ப்பளித்தார்கள். இன்னொன்று, அதே கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு கூடலூரில் மரம் வெட்டப்படுவதைப் பார்த்து 1995-ல் போட்ட வழக்கு. 1996 டிசம்பர் உத்தரவால் நாடு முழுக்கக் காடு என்பதன் பொருளே மாறியது. காட்டை வேறு பயனுக்கு மாற்றினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் அந்த வழக்கின் வழியாக வளர்ந்து, 2016-ல் தனிச் சட்டமானது. 2019-ல் மட்டும் மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பணம் வனத்துறை வழியாகச் செலவாகிறது. காட்டில் வாழ்பவருக்கு நேரடிப் பங்கு என்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. அரசியல் சாசனத்துக்கே விளக்கம் தந்த ஊரில், அந்த 1969 சட்டத்தின் பிரிவு 17-ன் கீழ் உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலத்தில் இருக்கும் குடும்பம் இன்னும் வீட்டு மின் இணைப்புக்கு அலைகிறது.

உரிமை உண்மையில் கைக்கு வந்த இடமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு கிராமம் 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் சமூக வன உரிமை பெற்றது. 2011-ல் மூங்கில் கொண்டுபோகும் அனுமதிச்சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையிலேயே கொடுத்தார்கள். அதன் பிறகு ஒப்பந்ததாரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. மூங்கிலுக்கு விலை சொல்வது கிராமம். 2013-ல் ஒடிசாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொன்னதற்கும் இதே சட்டம்தான் பலம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி (அரசியல் சாசனம் பழங்குடியினருக்குத் தனிப் பாதுகாப்பு தரும் பகுதி) கிடையாது, அதனால் நமக்கு இதெல்லாம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. வன உரிமைச் சட்டம் இங்கேயும் முழுசாக உண்டு. தேன், மெழுகு, நெல்லி, கடுக்காய், சீயக்காய், கல்பாசி, சீமாறு எல்லாம் சேகரிக்கும் குறும்பருக்கும் இருளருக்கும் காட்டுநாயக்கருக்கும் அவை சொந்தம் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. முன்பு சேகரிக்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். எடுத்த ஒப்பந்ததாரர் தந்ததுதான் விலை.

சரி, சொந்தம் என்றாகிவிட்டது. எவ்வளவு என்று அளப்பது யார்? என் வேலை முழுக்க இதில்தான் கழிந்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிறு விவசாயி பறித்த பச்சை இலை சாக்கில் கட்டி வரும். தராசில் வைத்ததும் ஏஜென்ட், சாக்கு எடைக்குக் கொஞ்சம், மழை ஈரத்துக்குக் கொஞ்சம், முற்றிய இலைக்குக் கொஞ்சம் என்று கழிவு போடுவார். சிட்டையில் மிச்சம் மட்டும்தான் ஏறும். கழித்தது நியாயமா என்று தராசுப் பக்கம் நின்று சொல்ல முடியாது. ஆனால் ஏட்டில் தெரியும். 100 கிலோ பச்சை இலைக்குச் சாதாரணமாக 22 முதல் 25 கிலோ தூள்தான் கிடைக்கும். ஒரு தொழிற்சாலையின் ஏட்டில் மாதா மாதம் 27, 28 என்று வந்தால் அங்கே இயந்திரம் அதிசயம் செய்யவில்லை. உள்ளே வந்த இலை 100 கிலோவுக்கு மேல், எழுதியது 100. அந்தக் கூடுதல் தூள் முழுக்க விவசாயி ஒரு காசும் வாங்காமல் கொடுத்தது. இலை வரவு ஏடு ஒரு மேசையில், தூள் வரவு ஏடு இன்னொரு மேசையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள் என்று உறுப்பினர் கேட்கலாம். கேட்பவர்தான் யாரும் கிடையாது. பொதுக்குழுவில் எல்லோரும் விலையைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள், எடையைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. 2003-ல் வந்த தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஏல விலையை ஒட்டி மாதாந்திரப் பச்சை இலை விலை அறிவிக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு, ஆனால் எடையே தப்பென்றால் விலை சரியாக இருந்து என்ன பயன்?

ஜாம்பியாவின் செம்பிலும் இதே கதைதான், சைபர்கள் மட்டும் அதிகம். சுரங்கக் கம்பெனி செம்பைத் தன் தாய்க் குழுமத்துக்கே குறைந்த விலையில் விற்றதாகக் காட்டினால் வரி குறையும். 2020-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இப்படி ஒரு வழக்கில் வரித்துறை பக்கம் தீர்ப்பளித்தது. ராயல்டி எத்தனை சதவீதம் என்று மேடையில் சண்டை போடுவோம். எதன் மீது அந்தச் சதவீதம் என்பதை ஒரு குமாஸ்தா எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிமேல் சொல்வது சந்தேகமான பகுதி. வளம் இருப்பதே நாட்டுக்குச் சாபம் என்ற கருத்தைப் பொருளாதார அறிஞர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. நிர்வாகம் முதலிலேயே கெட்டிருந்த நாடுகள்தான் கெட்டன என்பவர்களும் உண்டு. எனக்கு அவர்கள் பக்கம்தான் சாய்வு. உள்ளூருக்கே பங்கு கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உறுதியில்லை. நைஜீரியாவின் அரசியல் சாசனம் எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்குக் குறைந்தது 13 சதவீதம் தருகிறது. பணம் மாநிலத் தலைநகர்வரை வருகிறது, எண்ணெய் படிந்த ஆற்றங்கரை கிராமத்துக்குப் போவதில்லை. ரொக்கமாகக் கையில் கொடுப்பதா, பள்ளி மருத்துவமனையாகக் கொடுப்பதா என்பதிலும் ஒரே பதில் கிடையாது.

நம் மலைக்கு இன்னொரு சிக்கல், யார் உள்ளூர்க்காரர் என்பது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஒரு பக்கம். படுகர் சிறு தேயிலை விவசாயிகள் ஒரு பக்கம். 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக இலை பறித்தவர்கள் ஒரு பக்கம். கேரளத்திலிருந்து ஏறி வந்து குடியேறியவர்கள் வேறு. காட்டுப் பொருளுக்குப் பழங்குடியினர் முதல் உரிமையாளர் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் மின்சாரம், தண்ணீர், சுற்றுலாவில் வரும் பங்கை வந்த வரிசைப்படி பிரித்தால் தோட்டத் தொழிலாளிக்குத்தான் எப்போதும் கடைசி இடம் கிடைக்கும். அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். இது கணக்கால் தீராது, உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும்.

யாரிடம் கேட்பது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஊராட்சிப் பகுதி என்றால் வருடத்துக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. அங்கே “எங்கள் பங்கு எங்கே” என்று பொதுவாகக் கேட்டால் கைதட்டல் கிடைக்கும், வேறு எதுவும் கிடைக்காது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊராட்சியில் வன உரிமைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறதா, சமூக உரிமைக்கு விண்ணப்பம் போனதா, போயிருந்தால் கோட்ட அளவிலான குழுவில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வன உரிமைச் சட்டத்துக்கான சபையைக் குக்கிராம அளவிலேயே கூட்டலாம். பெரிய ஊராட்சிக் கூட்டத்தில் பழங்குடியினர் குரல் அமுங்கிப்போகும் என்பதால் அதை வலியுறுத்துங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். வீட்டில் யாராவது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை உறுப்பினர் என்றால் இலை வரவு ஏடு, தூள் வரவு ஏடு இரண்டிலும் ஒரே மாதத்துப் பக்கத்துக்கு நகல் கேளுங்கள். கிடைத்தால், தொழிற்சாலைப் பெயரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், எப்படிப் படிப்பது என்று வரி வரியாகச் சொல்லித் தருகிறேன்.